கடல் இடது கைப் பக்கம்

ராயபுரத்தில் யாரிடமாவது வழி கேட்டுப் பாருங்கள். கிழக்கு, மேற்கு என்ற சொல் ஒருவர் வாயிலிருந்தும் வராது. "நேரா கடல் பக்கம் போ, அப்பால ரயில் பக்கம் திரும்பு, அங்கதான் கீது" என்பார்கள். அதோடு சரி. கடலை வலது கைப் பக்கம் வைத்துக்கொண்டு நடந்தால் திருவொற்றியூர், எண்ணூர். இடது கைப் பக்கம் வைத்துக்கொண்டு நடந்தால் துறைமுகம். இதற்கு மேல் ஒரு மனுஷனுக்கு என்ன திசை வேண்டிக்கிடக்கிறது என்பது எங்கள் ஊர்க்காரர்களின் எண்ணம். அதில் எங்களுக்குக் கொஞ்சம் கர்வமும் உண்டு.

கல்மண்டபத்துக்குப் பின்னால் குடியிருக்கும் சில்வியாவும் இப்படித்தான் வளர்ந்தாள். ஆனால் தெருவில் அவளுக்குக் 'காணாமப்போன சில்வியா' என்று பெயர். தெருவில் இரண்டு சில்வியா இருந்தார்கள், அடையாளத்துக்காக வைத்தோம் என்று சொல்லிக்கொள்வார்கள். அதெல்லாம் சும்மா. கேலிதான்.

நடந்தது இதுதான். ரெண்டாம் வகுப்பு படிக்கும்போது அம்மா சிலுவையம்மாள் அவளை வேளாங்கண்ணித் திருவிழாவுக்கு அழைத்துப் போனாள். தெருவே கூட வந்திருந்தது. பொரி வாங்கக் கையை விட்ட நேரத்தில் பிள்ளையைக் காணோம். "ராயபுரத்திலிருந்து வந்த சில்வியா என்கிற பெண் குழந்தை, மஞ்சள் கவுன்" என்று ஒலிபெருக்கியில் கூவிக் கூவி அலுத்துப் போனார்கள். சிலுவையம்மாள் மாதாவே மாதாவே என்று மாரில் அடித்துக்கொண்டாள். கடைசியில் ஒரு போலீஸ்காரர் கடற்கரையில் ரொம்ப தூரம் தள்ளிப் பிள்ளையைப் பிடித்துத் தூக்கி வந்தார். எங்கே போனாய் என்று கேட்டதற்கு அது அழாமல் பதில் சொன்னது: "வூட்டுக்கு. கடலோரமாவே போனா எங்க வூடு வந்துடும்."

திசை என்னவோ சரிதான். கடலை வலது கைப் பக்கம் வைத்துக்கொண்டு வடக்கே பார்த்துத்தான் நடந்திருக்கிறாள். ராயபுரம் முந்நூறு கிலோமீட்டர் தள்ளி இருந்தது, அவ்வளவுதான் பிசகு.

தெரு இதைச் சொல்லிச் சொல்லிச் சிரித்தது. சிரித்தால் சிரித்துவிட்டுப் போகட்டும். சிலுவையம்மாள் அன்றைக்குப் பயந்தவள், பயந்தவள்தான். அதற்குப் பிறகு சில்வியா வாசலைத் தாண்டினாலே ஒரு கேள்வி வந்து நிற்கும்: "கூட யாரு போறா?" பள்ளிக்கூடத்துக்கு அண்ணன் கூடப் போனான். தட்டெழுத்து வகுப்புக்குச் சித்தி கூடப் போனாள். கல்யாணமான பிறகு அந்தக் கேள்வியை ஜார்ஜ் வாங்கிக்கொண்டான். ஜார்ஜ் ரயில்வேயில் பாயிண்ட்ஸ்மேன், தங்கமான மனுஷன், ஒரு நாளும் பெண்டாட்டியைக் கடிந்து பேசியவன் இல்லை. ஆனால் தி.நகருக்குப் புடவை எடுக்கப் போவதென்றாலும் "இரு, நான் வரேன். நீ பாட்டுக்கு எங்கனா பூடுவே" என்பான். மகள் ஃபாத்திமா கல்லூரிக்குப் போக ஆரம்பித்ததும் அவளும் அப்பனோடு சேர்ந்துகொண்டாள். "அம்மா, நீ தனியா போவாத, நான் வரேன்" என்று பெற்ற பெண்ணே சொல்லும்போது சில்வியாவுக்கு வரும் எரிச்சலை எழுதி மாளாது.

அதைவிட எரிச்சல் என்னவென்றால், அவளுக்கே அவள்மேல் நம்பிக்கை இல்லை. ராயபுரத்துக்குள் கண்ணைக் கட்டி விட்டாலும் வீடு வந்து சேருவாள். திருவொற்றியூர் நெடுஞ்சாலையில் ஒரு கண்டெய்னர் யார்டில் அவளுக்கு வேலை. மலைபோல் அடுக்கிய ஆயிரம் பெட்டியில் எது எந்த வரிசையில் எத்தனாவது தட்டில் இருக்கிறது என்று டிரெய்லர்காரர்கள் அவளைத்தான் கேட்பார்கள். ஆனால் தாம்பரம், பல்லாவரம் என்று கடல் வாசனை இல்லாத இடத்தில் கொண்டுபோய் விட்டால் போச்சு, தலைகால் புரியாது. பேருந்து நிறுத்தத்தில் திருதிருவென்று விழித்துக்கொண்டு நிற்பாள்.

இப்படிப்பட்டவளைத் தேடித்தான் ஷெர்லின் வந்தாள்.

ஷெர்லின் அவளோடு ஒன்றாம் வகுப்பிலிருந்து படித்தவள். இப்போது திருவொற்றியூரில் ஒரு பள்ளிக்கூடத்தில் விளையாட்டு டீச்சர். ஒரு ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்து கோயில் வாசலில் மடக்கினாள். "சில்வியா, உனக்கு நாப்பது ஆய்டுச்சில்ல?"

"ஆய்டுச்சு. இன்னாத்துக்குக் கேக்கறே?"

"நாப்பது தாண்டுன பொம்பளைங்க மூணு பேர் வேணும். நான் ஒருத்தி, பேங்க்ல வேல பாக்குற சங்கமித்ரா ஒருத்தி. நீ வந்தா டீம் ஆய்டும்."

விஷயம் இதுதான். மேப்பையும் காம்பஸையும் கையில் கொடுத்துக் காட்டுக்குள் விட்டுவிடுவார்கள். மேப்பில் குறித்த இடங்களில் ஆரஞ்சும் வெள்ளையுமாகச் சின்னக் கொடி தொங்கும். ஒவ்வொரு கொடியாக வரிசைப்படி கண்டுபிடித்துக்கொண்டு வந்து சேர வேண்டும். போன் கிடையாது, யாரிடமும் வழி கேட்கக் கூடாது. அதற்கு ஓரியண்டீரிங் என்று பெயர். தெருவில் யாரும் அந்தப் பெயரோடு மல்லுக்கட்டவில்லை, 'கொடி தேடுற ஆட்டம்' என்றே சொன்னார்கள்.

சில்வியா கேட்டுவிட்டு விழுந்து விழுந்து சிரித்தாள். "ஏண்டி, ஊர்ல இத்தினி பேரு கீறாங்கோ. வழி கண்டுபுடிக்கிற ஆட்டத்துக்கு என்னியா கூப்டுறே?"

"நீ ஆயிரம் பொட்டில ஒரு பொட்டிய கண்டுபுடிக்கிறவ. ஓட வாணாம், நட. வயி தப்பாம வந்தா போதும்."

வீட்டில் சொன்னாள். ஃபாத்திமா வாயைப் பொத்திக்கொண்டு உள்ளே ஓடினாள். ஜார்ஜ் சிரிக்கவில்லை, அதுதான் அவளைக் குத்தியது. முகம் வெளிறிப்போய், "காட்டுக்குள்ளியா? தனியாவா?" என்றான். அந்த முகத்தைப் பார்த்த பிறகுதான் சில்வியா போவதென்று முடிவு செய்தாள்.

பயிற்சி ராயபுரத்திலும் எண்ணூரிலுமாக நடந்தது. ஷெர்லின் காம்பஸைக் கையில் கொடுத்து, "செவப்பு முள்ளு எப்பவும் வடக்கதான் காட்டும், இரும்பு கிட்ட மட்டும் கொண்டு போவாத" என்றாள். நல்ல கதை. வட சென்னையில் இரும்பு இல்லாத இடம் எது? சூரியநாராயணா தெருவில் நடந்தால் தண்டவாளம் இழுத்தது. யார்டுக்குள் எடுத்துப் போனால் முள் பைத்தியம் பிடித்துச் சுற்றியது. எண்ணூரில் மண்ணுக்கடியில் குழாய். காத்திவாக்கத்தில், கழிமுகத்தின் ஓரத்தில், சும்மா மணலில் நின்று பார்த்தபோதுகூட முள் கோணிக்கொண்டு நின்றது. தோண்டிப் பார்த்தால் யாரோ எப்போதோ விட்டுப்போன நங்கூரம் துருப்பிடித்துப் புதைந்து கிடந்தது.

இதைப் பார்த்துப் பார்த்துச் சில்வியா தனக்கென்று ஒரு சட்டம் வகுத்துக்கொண்டாள். முள்ளும் கடலும் சண்டை போட்டால் கடல் பக்கம் சேர்ந்துகொள். முள்ளை இரும்பு ஏமாற்றும், கடலை யார் ஏமாற்ற முடியும்? வடக்கே போக வேண்டுமா, கடலை வலது கைப் பக்கம் வைத்துக்கொள், முடிந்தது. ஒரு தடவைகூட இந்தச் சட்டம் பொய்த்துப்போகவில்லை. முதலில் கூடாது என்று தலையை ஆட்டிய ஷெர்லினே பிறகு அதைத்தான் பின்பற்றினாள். மாவட்ட அளவில் திருவொற்றியூர்க் கடற்கரையில் நடந்த போட்டியில் முள்ளை நம்பிய நான்கு பேர் கொடி தெரியாமல் சுற்றிக்கொண்டிருக்க, சில்வியா கடலைக் கேட்டபடி நடந்து முதல் ஆளாக வந்து நின்றாள். அன்றைக்கு அவள் வீட்டுக்கு நடந்து போன நடையைத் தெரு பார்த்தது.

அந்த வருஷம் அகில இந்தியப் போட்டி கர்நாடகக் கரையோரம், மலையும் கடலும் உரசிக்கொண்டிருக்கும் ஒரு ஊரில். ஜார்ஜ் லீவு எழுதிக் கொடுக்கத் தயாராக இருந்தான். "நானும் வரேன். காட்டுக்கு வெளிய நிக்கிறேன். உன்ன தொந்தரவு பண்ணமாட்டேன்."

சில்வியா துணி மடித்துக்கொண்டிருந்தவள் நிமிர்ந்தாள். "ஜார்ஜு, நான் ஒண்ணு சொல்றேன், காது குடுத்துக் கேளு. நீ வராத. நான் காட்டுக்குள்ள தனியா போயி தனியா வெளிய வருவேன். எவனாவது வந்து என்ன இட்டுகினு வர்ற மாதிரி ஆச்சுன்னு வெச்சுக்கோ, அன்னியோட சரி. அப்பால சாவுற வரைக்கும் யார் கூட வோணா அனுப்பு, வாயத் தொறக்கமாட்டேன். நான் காணாமப்போனவதான்னு நானே ஒத்துக்கறேன்."

"இன்னாமே இப்டி பேசறே?"

"பின்ன எப்டி பேசறது? எனுக்கு நாப்பத்திரெண்டு வயசு."

ஜார்ஜ் லீவு எழுதவில்லை. சென்ட்ரலில் ரயிலேற்றிவிட்டு, வண்டி நகர்ந்த பிறகும் ஜன்னலைப் பிடித்துக்கொண்டு கூடவே கொஞ்ச தூரம் நடந்தான்.

போய் இறங்கிய நாளிலிருந்து மழை மேகம். சூரியன் எந்தப் பக்கம் எழுந்தது, எந்தப் பக்கம் விழுந்தது என்று யாரும் பார்க்கவில்லை. போட்டியன்று காலையிலும் வானம் ஈயத் தட்டு மாதிரி மூடிக்கிடந்தது. ஏற்பாட்டாளர் ஒருவர் இந்தியிலும் ஆங்கிலத்திலும் விதிகளைச் சொன்னார். மூன்று பேரும் தனித்தனியாகப் போக வேண்டும். அவர்களில் ஒருத்தி ஒரு கொடியைத் தவறவிட்டாலும், நேரத்துக்குள் வராவிட்டாலும் அணிக்கே இடம் கிடையாது. வழி தெரியாமல் போனால் கடற்கரைச் சாலைக்கு இறங்கிவிட வேண்டும், அங்கே ஜீப் நிற்கும், ஏற்றிக்கொண்டு வந்துவிடுவார்கள். ஏறினால் ஆட்டம் முடிந்தது.

"ஜீப்பு கீதாமே" என்று சில்வியா ஷெர்லினைப் பார்த்தாள்.

"அதெல்லாம் நமக்கு வாணாம். நீ முள்ள பாரு, மேப்ப பாரு. அவ்ளோதான்."

ஷெர்லின் முதலில் கிளம்பினாள். சங்கமித்ரா அடுத்து. கடைசியாகச் சில்வியா. மேப்பைக் கையில் வாங்கினாள். சிலுவை போட்டுக்கொண்டு காட்டுக்குள் நுழைந்தாள்.

சொன்னால் நம்பமாட்டீர்கள், முதல் நான்கு கொடியும் கைமேல் பலன். ஒற்றையடிப் பாதை, பாறை, கிணறு, ஓடை என்று மேப்பில் எது இருந்ததோ அது தரையிலும் இருந்தது. கொடிக்குக் கீழே இருந்த பெட்டியில் விரலில் மாட்டியிருந்த எலக்ட்ரானிக் சில்லைத் தொட்டதும் பீப் என்று சத்தம் வந்தது. ஒவ்வொரு சத்தத்துக்கும் சில்வியா "கரீட்டு!" என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டாள். யார்டில் பெட்டி தேடுவதைவிட இது சுலபமாக இருக்கிறதே என்றுகூட நினைத்தாள். அப்படி நினைத்திருக்கக் கூடாது.

ஐந்தாவது கொடி நேர் வடக்கே இருந்தது. அதற்குப் பாதை கிடையாது, காட்டுக்குள் முள்ளை நம்பித்தான் போக வேண்டும். அவள் காம்பஸைப் பிடித்தாள். சிவப்பு முள் ஒரு பக்கம் காட்டியது. அந்தப் பக்கம் பார்த்து நின்றபோதுதான் முதல் தடவையாகக் கடல் காதில் விழுந்தது. மரங்களுக்கு அப்பால், கண்ணுக்குத் தெரியாமல், அலை மோதிக்கொண்டிருந்தது. இடது கைப் பக்கம்.

சில்வியாவுக்குச் சுருக்கென்றது. வடக்கே பார்த்து நின்றால் கடல் இடது கைப் பக்கம் எப்படி வரும்? காலடியில் பார்த்தாள். துருப்பிடித்த நிறத்தில் செம்பாறை. அடடே, அதான் சங்கதி. பாறையில் இரும்பு இருக்கிறது, முள்ளை இழுக்கிறது! நங்கூரம் புதைந்து கிடந்த மணலில் நடந்தது போலத்தான். "யாராண்ட? என்னாண்டயேவா?" என்று காம்பஸைப் பார்த்து ஒரு சிரிப்புச் சிரித்துவிட்டு, அதைக் கழுத்தில் தொங்கப் போட்டாள். அப்படியே முழுசாகத் திரும்பினாள். கடலை வலது கைப் பக்கம் வைத்துக்கொண்டாள். விறுவிறுவென்று நடந்தாள்.

மேற்குக் கரைக்கு வந்திருக்கிறோம் என்பது அவளுக்குத் தெரியாதா? தெரியும். ரயிலில் ஃபாத்திமாவிடம் போனில் சொன்னவளே அவள்தான். மூளைக்குத் தெரிந்தது காலுக்குத் தெரியவில்லை, அவ்வளவுதான். ராயபுரத்தில் பிறந்த காலுக்குக் கடல் என்றால் கிழக்கு.

நடந்தாள், நடந்தாள். மேப்பில் இருந்த ஓடை வரவில்லை. இடிந்த மண்சுவர் வரவேண்டும், வரவில்லை. மேடு வர வேண்டிய இடத்தில் பள்ளம் வந்தது. இன்னும் கொஞ்சம், இன்னும் கொஞ்சம் என்று புதரைக் கிழித்துக்கொண்டு போனாள். கையெல்லாம் கீறல். வாய் உலர்ந்துவிட்டது. ஒரு கட்டத்தில் மேப்பில் தான் எங்கே இருக்கிறோம் என்று விரல் வைக்கப் பார்த்தாள், வைக்க இடமில்லை. எந்த இடத்தில் வைத்தாலும் பொய்யாக இருந்தது.

சட்டென்று சரிவு முடிந்து தார்ச்சாலை வந்தது. சாலைக்கு அந்தப் பக்கம் பாறை, அதற்கு அப்பால் கடல். சாலையோரம் சின்னப் பாலம் ஒன்று. பாலத்தருகே ஜீப்.

ஜீப்புக்காரர் நல்ல மனுஷன். அவளைப் பார்த்ததும் தண்ணீர் பாட்டிலை எடுத்துக்கொண்டு ஓடி வந்தார். "ஆயியே மேடம், பைட்டியே" என்று கதவைத் திறந்து வைத்தார். சில்வியா தண்ணீரை வாங்கிக் குடித்தாள். திறந்த கதவையே பார்த்துக்கொண்டு நின்றாள். உள்ளே சீட்டு வசதியாகத்தான் இருந்தது. ஏறினால் பத்திரமாகக் கொண்டுபோய் இறக்கிவிடுவார்கள். எல்லோரும் முதுகைத் தட்டி, போனா போவுது சில்வியா என்பார்கள். ராயபுரத்தில் ஒரு வார்த்தை கேட்கமாட்டார்கள், அவர்கள் எதிர்பார்த்ததுதானே. ஜார்ஜ் பாவம், சந்தோஷமாகக்கூட இருப்பான். இனிமேல் தி.நகருக்கு, தாம்பரத்துக்கு, கண் மூடுகிற வரைக்கும் எல்லா இடத்துக்கும் கூட வருவான்.

அழுகை முட்டிக்கொண்டு வந்தது. அது தெரியக் கூடாதென்று கடல் பக்கம் முகத்தைத் திருப்பிக்கொண்டாள்.

அப்போதுதான் மேகம் கொஞ்சம் விலகியது. வெயில் விழுந்தது. கடலைப் பார்த்து நின்ற சில்வியாவுக்குக் கண் கூசவில்லை.

காலை நேரம், கடலைப் பார்த்து நிற்கிறாள், கண் கூசவில்லை! ராயபுரத்தில் இது நடக்குமா? காலையில் கடல் பக்கம் திரும்பினால் கையைக் கண்ணுக்குமேல் வைக்காமல் யார் பார்த்திருக்கிறார்கள்? வெயில் அவள் முதுகில் அடித்தது. அவள் நிழல் அவளுக்கு முன்னால், கடலைப் பார்த்து நீண்டு கிடந்தது. சூரியன் கடலில் இல்லை. பின்னால், மலைமேல் இருந்தது.

"அட சேசுவே!" என்று தலையில் அடித்துக்கொண்டாள். "ஏய் சில்வியா, கூறுகெட்டவளே! இது மேக்கு கடலுடி!"

ஜீப்புக்காரர் பயந்துபோய் ஒரு அடி பின்னால் நகர்ந்தார். அவள் கழுத்திலிருந்த காம்பஸைப் பிடித்து நேராக வைத்தாள். முள் மெல்ல ஆடி நின்றது. பாறையும் இழுக்கவில்லை, பிசாசும் இழுக்கவில்லை. அது பாட்டுக்கு முதலிலிருந்தே உண்மையைச் சொல்லிக்கொண்டிருந்திருக்கிறது. இவள்தான் அதைப் பார்த்துச் சிரித்துவிட்டு வந்தாள்.

ஜீப்புக்காரர் அவள் கையிலிருந்த மேப்பை எட்டிப் பார்த்து, அடுத்த கொடி இருக்கும் திசையைக் காட்டக் கையைத் தூக்கினார். உதவிதான் செய்ய நினைத்தார். சில்வியா பாய்ந்து இரண்டு கையாலும் கண்ணைப் பொத்திக்கொண்டாள். "நை பையா, நை! மத் போலோ! ஹம் குத் ஜாயேகா!" யார்டுக்கு வரும் வடநாட்டு டிரைவர்களிடம் கற்ற இந்தி அது, இலக்கணம் எப்படியோ போகட்டும். சொல்லாதே, நானே போவேன் என்று அவருக்குப் புரிந்துவிட்டது. கையை இறக்கிக்கொண்டு ஜீப் கதவைச் சாத்தினார். அந்தக் கதவு சாத்திய சத்தம் அவளுக்குத் தெம்பாக இருந்தது.

இப்போது பதற்றப்படாமல் வேலையைப் பார்த்தாள். சாலையோரச் சின்னப் பாலம் மேப்பின் ஓரத்தில் இருந்தது. அதன்மேல் விரலை வைத்தாள், விரல் நின்றது. பாலத்திலிருந்து ஐந்தாவது கொடிக்குக் காம்பஸின் விளிம்பை வைத்தாள், வட்டத்தைத் திருப்பினாள், முள்ளோடு பொருத்தினாள். எதிரே ஒரு முந்திரி மரம். அதுவரைக்கும் போ, அப்புறம் அடுத்த மரம்.

சொல்வது சுலபம். கடலை இடது கைப் பக்கம் வைத்துக்கொண்டு வடக்கே நடப்பது எங்கள் ஊர் உடம்புக்கு லேசுப்பட்ட காரியம் இல்லை. ஒவ்வொரு அடிக்கும் கால் தப்பு, தப்பு என்றது. பாதி தூரத்தில் முள் பொய் சொல்கிறதோ என்ற சந்தேகம் மறுபடியும் எட்டிப் பார்த்தது. இடது காதில் அலை அடித்துக்கொண்டே இருந்தது, வா, இப்படித் திரும்பு, துறைமுகம் பக்கம் போய்க்கொண்டிருக்கிறாய் என்று. சில்வியா நின்றாள். இடுப்பில் கட்டியிருந்த துப்பட்டாவை அவிழ்த்தாள். இரண்டு காதையும் சேர்த்துத் தலையைச் சுற்றி இறுக்கிக் கட்டி முடிச்சுப் போட்டாள். கடலைக் கேட்டுக்கொண்டே பிறந்து வளர்ந்தவள், வாழ்க்கையில் முதல் தடவையாகக் கடலுக்குக் காதை அடைத்துக்கொண்டாள்.

"நீ செத்த சும்மா இரு. நான் இத கேட்டுகினு வரேன்" என்று கடலிடம் சொல்லிவிட்டு முள்ளைப் பார்த்து நடந்தாள்.

ஓடை வந்தது. இடிந்த மண்சுவர் வந்தது. சுவருக்குப் பின்னால், ஈரத்தில் நனைந்து, ஆரஞ்சுக் கொடி தொங்கிக்கொண்டிருந்தது. சில்வியா அதைப் பிடித்து முத்தம் கொடுத்தாள். யார் பார்த்தால் என்ன, கொடுத்தாள். சில்லைத் தொட்டாள். காது கட்டியிருந்ததால் பீப் சத்தம் கேட்கவில்லை, பெட்டியில் விளக்கு மின்னியதைப் பார்த்துத் தெரிந்துகொண்டாள்.

அதற்கப்புறம் அவள் நடக்கவில்லை, ஓடினாள். இடுப்பு வலி, மூட்டு வலி எல்லாம் எங்கே போனதென்று தெரியவில்லை. ஆறு, ஏழு, எட்டு என்று ஒவ்வொன்றாக வந்தன. ஒன்பதாவதில் மறுபடியும் தடுமாறினாள். ஆனால் பயப்படவில்லை. வந்த வழியே திரும்பிப் போய், நிச்சயமாகத் தெரிந்த கிணற்றடியிலிருந்து மறுபடி கணக்குப் போட்டு வந்தாள். தொலைந்தால் என்ன செய்ய வேண்டுமென்று இப்போது அவளுக்குத் தெரியும். தெரிந்த இடத்தில் விரலை வை. அங்கிருந்து ஆரம்பி.

முடிவுக்கோட்டில் ஷெர்லினும் சங்கமித்ராவும் கையைப் பிசைந்துகொண்டு நின்றார்கள். நேரம் முடியப்போகிறது. மற்ற மாநிலத்து அணிகளெல்லாம் டீ குடித்துக்கொண்டிருந்தன. ஜீப் வந்தது, அதில் ஒடிசாக்காரி ஒருத்தி காலைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள், சில்வியா இல்லை. "அய்யோ, ஜீப்புலயும் காணோமே" என்று ஷெர்லினுக்கு உயிரே போய்விட்டது.

அப்போது மரங்களுக்கு நடுவிலிருந்து, தலையில் துப்பட்டாவை முண்டாசு கட்டிக்கொண்டு, முகமெல்லாம் செம்மண்ணோடு ஒரு உருவம் வெளியே வந்தது. ஷெர்லின் அலறிய அலறல் சில்வியாவின் கட்டிய காதுக்குள்ளேயும் நுழைந்தது. "ஓடு! ஏய், ஓடுடி! நேரம் கீது!"

சில்வியா ஓடி வந்து கோட்டைத் தாண்டி அப்படியே புல்லில் உட்கார்ந்தாள். நேரத்துக்குள்தான் வந்திருந்தாள். ஒரு கொடிகூட விட்டுப்போகவில்லை. திரையில் தமிழ்நாட்டுப் பெயர் மூன்றாவது இடத்தில் ஏறியது. வந்ததே ஆறு அணிதான் என்று இதைக் கேட்டவர் சிலர் உதட்டைப் பிதுக்குகிறார்கள். ஆறில் மூன்று அணி இவர்களுக்குக் கீழேதானே இருந்தது? உதட்டைப் பிதுக்குகிறவர்கள் அந்தக் காட்டுக்குள் ஒரு தடவை போய்வரட்டும், பிறகு பேசலாம்.

சங்கமித்ரா அவள் துப்பட்டாவை அவிழ்த்துவிட்டு, "எங்க போயிட்டீங்க சில்வியா? பயந்துட்டோம்" என்றாள்.

"தொலைஞ்சு போய்ட்டேன்" என்றாள் சில்வியா. மூச்சு வாங்கியது. ஆனால் முகம் முழுக்கச் சிரிப்பு. "ஷெர்லின், நம்ம சட்டம் இங்க செல்லாதுடி. இங்க கடலு மாறிக்கீது."

ஷெர்லின் ஒரு நிமிஷம் விழித்தாள். பிறகு வாயைப் பொத்திக்கொண்டாள். "அஞ்சாவது கொடிக்குப் போவ சொல்லோ எனக்கும் அதான் ஆச்சு. வெளிய சொல்லாத." இரண்டு பேரும் ஒருத்தியை ஒருத்தி கட்டிக்கொண்டு கண்ணில் தண்ணீர் வரச் சிரித்தார்கள். எதற்குச் சிரிக்கிறார்கள் என்று சங்கமித்ராவுக்குப் புரியவில்லை. அவள் வளர்ந்தது கோயம்புத்தூரில், அங்கே ஏது கடல்?

கழுத்தில் பதக்கத்தைப் போட்ட பிறகு போனைத் திரும்பக் கொடுத்தார்கள். ஜார்ஜின் தவறிய அழைப்புகள் வரிசையாக நின்றன. கூப்பிட்டாள். முதல் மணியிலேயே எடுத்தான்.

"இன்னாமே ஆச்சு? நல்லாக்கீறியா?"

"மூணாவது வந்தோம். மெடலு குட்தாங்கோ."

அவன் மூச்சு விடுவது கேட்டது. "ஒண்ணும் பேஜாரு இல்லியே? வழியெல்லாம் கரீட்டா போனியா?"

சில்வியா நினைத்திருந்தால் ஆமாம் என்று சொல்லியிருக்கலாம். யாருக்குத் தெரியப்போகிறது? ஆனால் அவளுக்கு மறைக்கத் தோன்றவில்லை. சொல்லப் போனால் அந்த நாளில் அவள் பெருமைப்பட்டதே அதற்குத்தான்.

"எங்க கரீட்டா போனேன்? நடுவுல தொலைஞ்சுட்டேன். நல்லா தொலைஞ்சுட்டேன், எங்க கீறேன்னே தெர்ல."

"அய்யய்யோ! அப்பால? யாரு உன்ன கண்டுபுடிச்சது?"

"நான்தான்."

 அவனுக்குப் பின்னால் ராயபுரம் ஸ்டேஷனில் ஒரு கூட்ஸ் வண்டி பெட்டி பெட்டியாகப் போய்க்கொண்டிருந்தது கேட்டது. வண்டி முழுசாகப் போனதும் ஜார்ஜ் கேட்டான். 

"சில்வியா, நாளன்னிக்கு சென்ட்ரலுக்கு நான் வரட்டுமா?"

கல்யாணமான நாளிலிருந்து 'வரேன்' என்று சொல்லித்தான் அவனுக்குப் பழக்கம். வரட்டுமா என்று ஒரு நாளும் கேட்டதில்லை. சில்வியா பதக்கத்தைக் கையில் பிடித்தபடி கொஞ்சம் யோசித்தாள்.

"வா" என்றாள். "பையி கனமா கீது."